நின்ற இடத்தில் பிடித்த பந்து

1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா. ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்து இந்தியா தங்கம் வாங்கியது. கோல் அடித்தது யார் என்று கேட்டால் கால்பந்தில் கொஞ்சம் பிடிப்பு உள்ளவர்கள் யோசிக்காமல் சொல்லிவிடுவார்கள்: பி.கே. பானர்ஜி, ஜர்னைல் சிங். கேப்டன் சுனி கோஸ்வாமி, பயிற்சியாளர் ரஹீம் என்பது வரைக்கும்கூட வரும். அன்றைக்குக் கோலில் நின்றது யார் என்று கேளுங்கள், அங்கே பேச்சு தடைபடும். சாயங்காலமானால் எந்த மைதானத்திலாவது பந்து உருண்டுகொண்டிருக்கும் பாளையங்கோட்டையிலேயே, நான் கேட்டவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பீட்டர் தங்கராஜ் என்ற பெயர் தெரியவில்லை. இத்தனைக்கும் அது பச்சைத் தமிழ்ப் பெயர்.

இந்த மறதியைக் கொஞ்ச நாளாக என்னால் சும்மா விட முடியவில்லை. பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரையும்தான் மறந்திருக்கிறோம், இதில் என்ன விசேஷம் என்று ஒரு நண்பர் கேட்டார். விசேஷம் இருக்கிறது. ஃபார்வர்டின் வாழ்க்கையை எப்படிச் சொல்வது என்று நமக்குத் தெரியும், கோல்களை எண்ணினால் போதும். கோல்கீப்பரின் வாழ்க்கையைச் சொல்ல நம்மிடம் கணக்கே இல்லை. அவர் விட்ட பந்துக்கு ஸ்கோர்கார்டில் இடம் உண்டு, பிடித்த பந்துக்குக் கிடையாது. அவர் சரியான இடத்தில் நின்றதால் எதிராளி அடிக்காமலே விட்ட பந்துக்கு எங்கேயும் இடம் கிடையாது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் பகுதியில் எல்லோரும் 'கோலி அண்ணாச்சி' என்று கூப்பிடும் ஒரு பெரியவர். அவரைப் பற்றியும் தங்கராஜைப் பற்றியும் சேர்த்துத்தான் எழுத முடியும் என்று தோன்றுகிறது. அண்ணாச்சியின் பேச்சில் அந்த இரண்டும் எப்போதும் சேர்ந்தேதான் வரும்.

கட்டாந்தரை

அண்ணாச்சி எழுபதைத் தொட்டவர். சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்து அணிக்காகப் பல வருடம் லீக் ஆடி, அதே அலுவலகத்தில் ஓய்வு பெற்று, ஊரோடு வந்துவிட்டார். நம் ஊரில் அந்தக் காலத்து 'புரொஃபஷனல்' என்றால் அப்படித்தான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை, காலையில் பிராக்டிஸ், அப்புறம் ஆபீஸ், சாயங்காலம் நேரு ஸ்டேடியத்தில் மேட்ச். சம்பளம் குமாஸ்தாவுக்கு, உழைப்பு ஆட்டக்காரனுக்கு. அவருடைய வலது கை மோதிர விரல் நிமிராது, நடுக் கணுவிலிருந்து வெளிப்பக்கமாக வளைந்து நிற்கும். டீ டம்ளரைப் பிடிக்கும்போது அந்த விரல் மட்டும் டம்ளரைத் தொடாமல் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். கையுறை இல்லாமல் ஆடிய காலத்தில் மழையில் நனைந்த பந்து ஒன்று செய்த வேலை அது. அப்போது விரலை இழுத்து விட்டு, துணியைச் சுற்றிக்கொண்டு மீதி ஆட்டத்தையும் ஆடியிருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் அவரைக் கோலில் நிறுத்தியதற்குக் காரணம் உயரம். ஆனால் அவரை ஒரு கீப்பராக ஆக்கியது பாளையங்கோட்டையின் தரைதான் என்பார். அன்றைக்கு மைதானங்களில் புல் ஏது? காய்ந்து இறுகின சரளை மண். அதில் பக்கவாட்டில் பாய்ந்து விழுந்தால் இடுப்பெலும்புக்கு மேலே தோல் உரிந்துவிடும். அது ஆறுவதற்குள் அடுத்த மேட்ச் வந்துவிடும், மறுபடி அதே இடத்தில் உரியும். வீட்டில் தேங்காயெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போட்டுவிட்டு அம்மா அழுவார்களாம். "விழ முடியாதவன் என்ன செய்வான்? பந்து வாரதுக்கு முந்தியே அங்க போய் நிப்பான். அவ்ளோதான் தம்பி. நான் ஒண்ணும் பெரிய அறிவாளியா இருந்து கத்துக்கிடல. தோலு உரியாம இருக்கணும்னு கத்துக்கிட்டேன்" என்றார்.

இதற்கு நேர் எதிர் எங்கள் கடற்கரைப் பையன்கள். உவரி, கூட்டப்புளி, இடிந்தகரைப் பக்கம் கால்பந்து ஆடி வளர்கிற பிள்ளைகளுக்கு மணல்தான் மைதானம். மணலில் விழுவது சுகம். பாய்ந்து பாய்ந்து ஆடிப் பழகியிருப்பார்கள், பார்க்கவும் அப்படி ஒரு அழகு. கடற்கரை அணி மேட்டுக்கு வந்து ஆடினால் கூட்டம் அவர்களுடைய கீப்பருக்காகவே வரும் என்று அண்ணாச்சியே சொல்வார். அவர்களைக் குறைத்துப் பேசமாட்டார். ஆனால் வேறு ஒன்றைச் சொல்வார்: "பாயுறது தப்பில்ல. கடைசி வழி அது. மொத வழி நிக்கது. மொத வழி தெரியாம கடைசி வழிய மட்டும் படிச்சவன், பத்துல ஆறு பிடிப்பான். நாலு உள்ள போகும். அந்த ஆறுக்குக் கைதட்டிட்டு நாலை மறந்துருவாங்க."

கயிறு

நிற்பது என்றால் என்ன என்று அவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை ஒருநாள் காலையில் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இரண்டு கோல் போஸ்டிலும் நைலான் கயிற்றைக் கட்டி, இரண்டு முனைகளையும் பெனால்டி இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கே பந்தை வைத்து அதன் மேல் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். தரையில் ஒரு முக்கோணம் விழுந்தது. கீப்பர் பையனைக் கோல் கோட்டில் நிறுத்தி, "கைய விரி" என்றார். விரித்தான். இரண்டு பக்கமும் கயிறு எட்டாத தூரத்தில் இருந்தது. "மூணு பெரிய எட்டு முன்னால வா." வந்தான். "இப்ப விரி." கயிறு அவன் விரல் நுனிக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது. அந்தப் பையனின் முகத்தில் ஓடிய ஆச்சரியத்தை நான் மறக்கமாட்டேன். அவன் எதையும் கூடுதலாகச் செய்யவில்லை, மூன்று எட்டு வைத்தான், கோல் சின்னதாகிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அப்படித்தான் வருகிறது. கோலின் அகலம் 7.32 மீட்டர். பெனால்டி இடம் கோட்டிலிருந்து 11 மீட்டர். கீப்பர் மூன்று மீட்டர் முன்னால் வந்தால், அவர் அடைக்க வேண்டிய அகலம் 5.3 மீட்டர் சொச்சம். இரண்டு மீட்டர் குறைந்துபோகிறது. ஆனால் ரொம்ப முன்னால் வந்துவிட்டால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவார்கள், கோலின் உயரம் 2.44 மீட்டர் பின்னால் திறந்து கிடக்கும். பந்து ஓரமாக நகர நகர இந்த முக்கோணமும் நகரும், கீப்பரும் அதோடு சேர்ந்து வில் வளைவாக நகர வேண்டும். பின்னால் திரும்பிப் போஸ்ட் எங்கே இருக்கிறது என்று பார்க்க நேரம் கிடையாது. அதற்காக அண்ணாச்சி ஆட்டம் தொடங்குமுன் கோலின் நடுவிலிருந்து முன்னால் குதிங்காலால் ஒரு கோடு கிழிப்பாராம். கண்ணைக் கீழே தாழ்த்தினால் போதும், தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். இடைவேளையில் பக்கம் மாறியதும் முதல் வேலையாக எதிர்க் கீப்பர் நின்ற இடத்திலும் கிழித்துக்கொள்வார்.

அப்புறம் காற்று. ஆனி, ஆடியில் நெல்லைச் சீமையில் ஆடுகிற கீப்பருக்கு அதுதான் பெரிய எதிராளி. மேற்கே கணவாய் வழியாகப் பாய்ந்து வருகிற காற்று மத்தியானத்துக்கு மேல் மண்ணை வாரி இறைக்கும். கிழக்குக் கோலில் நிற்கிறவனுக்கு முகத்தில் மண்ணடிக்கும், உயரமாக வருகிற பந்து நினைத்த இடத்தில் இறங்காமல் தலையைத் தாண்டிப் போகும். மேற்குக் கோலில் நிற்கிறவனுக்கு, எதிரணி தூக்கி அடிக்கும் பந்து பாதியிலேயே தயங்கி விழும், அவன் ஓடி வெளியே வர வேண்டும். சென்னைக்குப் போன புதிதில் சாயங்காலக் கடல்காற்று கிழக்கிலிருந்து வந்து தன்னைக் குழப்பியதாகச் சொன்னார். முதல் சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து, மேட்ச் நடக்கும்போது கொடிக்கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பெஞ்ச் என்றதும் இன்னொன்று. மற்ற இடங்களுக்கு ஆட்டக்காரர்களை மாற்றிப் போடலாம், நடுவில் ஆடுகிறவனை ஓரத்தில் விடலாம். கீப்பருக்கு இருப்பது ஒரே இடம். முதல் கீப்பர் நன்றாக ஆடுகிறவரைக்கும் இரண்டாவது கீப்பர் வருடக்கணக்கில் உட்கார வேண்டியதுதான். அண்ணாச்சியின் சர்வீஸில் இளமையின் ஒரு நல்ல பகுதி அப்படிப் போனது. முன்னால் இருந்தவர் காயம்பட வேண்டும் என்று ஒருநாள்கூட நினைத்ததில்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டு, "அவருதான் எனக்குப் பந்து போட்டுப் பழக்குவாரு. அவருக்கு நான் போடுவேன். ரெண்டு கோலியும் ஒரே தட்டுல சாப்பிடுறவங்க தம்பி" என்றார்.

ரெஜிமென்ட்காரர்

அண்ணாச்சிக்கு முதலில் கோல்கீப்பிங் சொல்லிக்கொடுத்தவர், மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்திருந்த ஒரு ஹவில்தார். அவர் வாயில் சதா தங்கராஜ் பெயர்தான். தங்கராஜ் 1935-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். 1953-ல் ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்காக ஆடினார். தொடக்கத்தில் அவர் சென்டர் ஃபார்வர்ட், பிறகுதான் கோலுக்கு வந்தார். கோல் அடிக்கிறவன் எங்கே பார்ப்பான், எப்போது அடிப்பான் என்பது அவனாகவே இருந்து பார்த்தவருக்குத்தானே தெரியும் என்று ஹவில்தார் சொல்வாராம். 1955-லும் 1958-லும் ரெஜிமென்ட் அணி இந்தியாவின் பழம்பெரும் கால்பந்துப் போட்டியான டூரண்ட் கோப்பையை வென்றது. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று தங்கராஜைத் தேர்ந்தெடுத்தார்கள். 1960-ல் முப்படைகளின் சர்வீசஸ் அணி முதல்முறையாகத் தேசியப் போட்டியான சந்தோஷ் டிராபியை வாங்கியபோது கேப்டன் அவர். பிறகு கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1967-ல் அர்ஜுனா விருது வந்தது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ் அணியில் தங்கராஜ் இருந்தார். அரையிறுதிவரை போய் இந்தியா நான்காவதாக வந்த போட்டி அது. அதே போட்டியில் தங்கம் வாங்கிய சோவியத் அணியின் கோலில் நின்றவர் லெவ் யாஷின். கோட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்காமல் வெளியே வந்து பந்தை எடுப்பது, பின்வரிசைக்காரர்களை இடைவிடாமல் சத்தம் போட்டு நகர்த்துவது என்று அந்த வேலையையே மாற்றியவர். ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருது 1963-ல் யாஷினுக்குக் கிடைத்தது. அதற்கு முன்னும் பின்னும் வேறு எந்தக் கோல்கீப்பருக்கும் அது கிடைத்ததில்லை. 2006 உலகக் கோப்பையில் இத்தாலியின் புஃபோன் ஏழு ஆட்டத்தில் விட்டது இரண்டே கோல். ஒன்று சொந்த அணிக்காரர் உள்ளே தள்ளிவிட்டது, இன்னொன்று இறுதி ஆட்டத்தில் ஜிதான் அடித்த பெனால்டி. எதிரணி ஓடியாடி அடித்த கோல் ஒன்றுகூடக் கிடையாது. இத்தாலி கோப்பையைத் தூக்கியது. அந்த வருடமும் பாலோன் தோர் புஃபோனுக்கு வரவில்லை, இரண்டாமிடம்தான். நம் ஊர் ஆட்கள் மட்டும் கோலியை மறப்பவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சரி, ஜகார்த்தாவுக்கு வருவோம். அந்தப் போட்டியில் முதல் ஆட்டமே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று ஜெயித்து, மறுபடி அதே கொரியாவிடம் வந்து நின்றார்கள். ஜர்னைல் சிங் தலையில் தையலோடு ஆடினார். பின்வரிசைக்காரரான அவரை ரஹீம் முன்னால் ஆட விட்டார், அவரும் கோல் அடித்தார். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். தங்கராஜ் காய்ச்சலில் படுத்திருந்தார், அவருக்குப் பதில் பிரத்யுத் பர்மன் கோலில் நின்று அணியை இறுதிவரை கொண்டுவந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. இறுதி ஆட்டத்துக்கு ரஹீம் பர்மனை உட்கார வைத்துவிட்டு, காய்ச்சலில் இருந்து எழுந்து வந்த தங்கராஜைக் கோலுக்கு அனுப்பினார்.

இந்த முடிவைப் பற்றி அண்ணாச்சியும் நானும் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். ஜெயித்து வந்த கீப்பரை மாற்றுவது என்பது எந்தப் பயிற்சியாளரும் செய்யத் துணியாத காரியம். அதுவும் மைதானம் முழுக்க எதிர்ப்பு. தைவானையும் இஸ்ரேலையும் சேர்க்காததைக் கண்டித்து இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி பேசியதால் ஜகார்த்தா மக்களுக்கு இந்தியா மேல் அப்படி ஒரு கோபம். ஒரு லட்சம் பேர் கூச்சல் போடும் அரங்கில், உடம்பு சரியாகத் தேறாத ஒருவரைக் கடைசிக் கோட்டில் நிறுத்துகிறார் ரஹீம். ஏன்? "உயரம் ஒரு காரணம். ஆனா அதுக்கு மேல ஒண்ணு இருக்கு. பின்னால யாரு நிக்கான்னு முன்னால ஆடுறவனுக்குத் தெரியணும். தங்கராஜ் நிக்காருன்னா பின்வரிசைல ஆடுற பேக் நிம்மதியா ரெண்டடி முன்னால போவான். அவன் முன்னால போனா நடுவுல ஆடுற ஹாஃப் முன்னால போவான். மொத்த டீமே பத்து கெஜம் மேல ஏறி நிக்கும்" என்றார் அண்ணாச்சி. ரஹீமின் மனதில் இருந்தது இதுதானா என்று நிரூபிக்க வழியில்லை. ஆனால் கோலில் நின்றவர் சொல்வதால் இந்த விளக்கத்தை நான் நம்புகிறேன். இருபது நிமிடத்துக்குள் இந்தியா இரண்டு கோல் அடித்துவிட்டது. கொரியா தன் ஒரே கோலை அடித்தது 85-வது நிமிடத்தில். இடையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, இரண்டு கோல் பின்தங்கிய ஒரு நல்ல அணி மேலே மேலே வந்துகொண்டிருந்தபோது, அந்தக் கோல் அப்படியே இருந்தது. ஸ்கோர்கார்டில் அந்த ஒரு மணி நேரம் வெறும் வெற்றிடம். தங்கராஜின் வாழ்க்கையில் மிகப் பெரிய ஒரு மணி நேரம் அது என்பது என் எண்ணம்.

பர்மனையும் இங்கே நினைக்கத்தான் வேண்டும். அரையிறுதிவரை நின்றுவிட்டு, தங்கம் வாங்கும் ஆட்டத்தை வெளியில் இருந்து பார்த்தவர்.

ஓர் அடி

எல்லா வெற்றிடமும் தங்கராஜுடையதைப் போல அமைவதில்லை. பிரேசில் கோல்கீப்பர் மொவாசிர் பார்போசாவை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது. 1950 ஜூலை 16, ரியோவின் மரக்கானா மைதானம். உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம், எதிரே உருகுவே. பிரேசிலுக்கு டிரா ஆனாலே கோப்பை. முதல் கோலும் அவர்களுடையது. 66-வது நிமிடத்தில் உருகுவேயின் கிஜியா வலது ஓரமாக ஓடிவந்து பந்தை உள்ளே கொடுக்க, ஸ்கியாஃபினோ கோல் அடித்துச் சமன் செய்தார். 79-வது நிமிடத்தில் அதே கிஜியா, அதே ஓரம், அதே ஓட்டம். இந்த முறையும் கிஜியா உள்ளே கொடுப்பார் என்று கணித்து, பார்போசா போஸ்டை விட்டு ஓர் அடி நகர்ந்தார். கிஜியா அந்த இடைவெளியில், போஸ்டுக்கும் பார்போசாவுக்கும் நடுவே அடித்துவிட்டார். பிரேசில் 1-2 என்று தோற்றது.

அந்த ஓர் அடிக்காக அவரை ஆயுள் முழுக்கத் தண்டித்தார்கள். 1993-ல் பிரேசில் அணியின் பயிற்சி முகாமைப் பார்க்கப் போனவரை, ராசியில்லாதவர் என்று உள்ளே விடவில்லை. பிரேசிலில் எந்தக் குற்றத்துக்கும் அதிகபட்சத் தண்டனை 30 வருடம்தான், நான் ஐம்பது வருடமாக அனுபவிக்கிறேன் என்ற பொருளில் அவர் பேசியதாகச் சொல்வார்கள். 2000-வது ஆண்டு இறந்துபோனார். அந்தக் கோலின் படத்தை என் போனில் அண்ணாச்சிக்குக் காட்டினேன். திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு எழுந்து, வீட்டு முற்றத்தில் இரண்டு செங்கல்லைப் போஸ்டாக வைத்து, தான் பார்போசாவாக நின்று காட்டினார். "பதிமூணு நிமிஷத்துக்கு முந்தி அவன் உள்ள குடுத்து கோல் விழுந்திருக்கு. நடுவுல ஆளு ஓடி வாரான். இந்த எடத்துல எந்தக் கோலியும் ஒரு அடி எடுத்து வைப்பான். நானும் வைப்பேன். அவன் எடுத்த முடிவு சரி. பந்து போன எடம் வேற. சரியா முடிவெடுத்தாலும் கோல் விழும் தம்பி, அத யாருக்குப் புரியவைக்க?" அவர் குரல் உடைந்ததை முதல்முறையாக அன்றுதான் கேட்டேன். அவருக்கும் ஒரு ஆட்டம் இருந்திருக்கிறது போல. அதை நான் கேட்கவில்லை.

சும்மா நிற்பதன் வெட்கம்

இஸ்ரேலிய ஆய்வாளர்கள் சிலர் 2007-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த நல்ல ஆதாரம். பெரிய லீக்குகளிலும் போட்டிகளிலும் அடிக்கப்பட்ட 286 பெனால்டிகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் 28.7 சதவீதப் பந்துகள் நடுவில் வந்தன. ஆனால் கீப்பர்கள் நடுவிலேயே நின்றது 6.3 சதவீதம்தான். நின்றவர்கள் மூன்றில் ஒரு பந்தைத் தடுத்திருக்கிறார்கள். இடப்பக்கம் பாய்ந்தவர்கள் தடுத்தது 14.2 சதவீதம், வலப்பக்கம் 12.6 சதவீதம். பிறகு ஏன் எல்லோரும் பாய்கிறார்கள்? பாய்ந்து கோல் விழுந்தால் முயற்சி செய்தான் என்பார்கள், நின்று கோல் விழுந்தால் மரம் மாதிரி நின்றான் என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் என்கிறது ஆய்வு. அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. எல்லோரும் நிற்க ஆரம்பித்தால் அடிக்கிறவன் ஓரத்துக்கு மாறிவிடுவான், அதனால் எப்போதும் நிற்கச் சொல்ல முடியாது என்று மட்டும் திருத்தினார். ஆனால் அந்த வெட்கம் உண்மை என்றார். மரம் மாதிரி நிக்கியே என்று கேலரியில் இருந்து கத்தும் குரல், பந்தைவிட வேகமாக வரும்.

போன வருடம் நம் பக்கத்தில் நடந்த ஒரு போட்டியில் அவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். சிறந்த கோல்கீப்பர் விருதைக் கொடுக்கிற வேலை அவருக்கு. விருது போனது, அரையிறுதியில் நான்கு கோல் விட்டாலும் பறந்து பறந்து ஏழெட்டுப் பந்துகளைத் தடுத்த ஒரு பையனுக்கு. நல்ல பையன், திறமைசாலி, அவன் மேல் எந்தக் குறையும் இல்லை. ஆனால் கோப்பை வாங்கிய அணியின் கீப்பர் போட்டி முழுக்க ஒரே ஒரு கோல்தான் விட்டிருந்தான். அவன் பாய்ந்தே நான் பார்க்கவில்லை. பந்து அவன் நெஞ்சுக்கு நேராகவே வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், அவனுக்கு வேலையே இல்லை, எல்லாம் அவன் கைக்கே அடிக்கிறார்கள் என்றார். அண்ணாச்சி விருதைக் கொடுத்து, அந்தப் பையனின் முதுகில் தட்டி, சிரித்த முகமாகத்தான் இறங்கி வந்தார். அதன் பிறகு கூட்டம் கலைகிற நேரத்தில் இன்னொரு பையனைத் தேடிப் போய், தன் கழுத்தில் போட்டிருந்த சால்வையை எடுத்து அவனுக்குப் போட்டார். அவன் என்ன ஏது என்று புரியாமல் விழித்தான். "நல்லா நின்ன டே" என்றார் அவ்வளவுதான்.

கடைசி வருடங்கள்

அண்ணாச்சி ஆட்டத்தை விட்டது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். முழங்கால் ஒரு காரணம். இன்னொரு காரணம், 1992-ல் வந்த விதி. அதுவரை சொந்த அணிக்காரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கீப்பர் கையால் எடுத்துக்கொள்ளலாம். நேரத்தைக் கடத்த எல்லா அணிகளும் அதைச் செய்துகொண்டிருந்தன, 1990 உலகக் கோப்பை ஆட்டங்கள் அதனாலேயே சோர்ந்து போயின. அதற்குத் தடை போட்டதும், கையால் பிழைத்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் காலால் ஆடப் பழக வேண்டியதாகிவிட்டது. 1997-ல் த்ரோ-இன் பந்துக்கும் அந்தத் தடை வந்தது. இளம் கீப்பர்களுக்கு அது சுலபமாக வந்தது. முப்பத்தைந்தைத் தாண்டியவருக்கு வரவில்லை. அவர் அந்த விதியைத் திட்டவில்லை. "ஆட்டத்துக்கு அது நல்லதுதான். எனக்கு நேரமாயிட்டு" என்றார்.

தங்கராஜும் ஆட்டத்தை விட்ட பிறகு பயிற்சி, வேலை என்று போனார். 2008 நவம்பரில் பொகாரோவில் காலமானார். அண்ணாச்சிக்கு அந்தச் செய்தி சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. தமிழ்ப் பத்திரிகையில் தேடிப் பார்த்து, சின்னதாக ஒரு மூலையில்கூடக் கண்ணில் படவில்லை என்று வருத்தப்பட்டார். அவர் வீட்டு அலமாரியில் ஹவில்தார் கொடுத்த ஒரு குரூப் போட்டோ இருக்கிறது. வெலிங்டனில் எடுத்தது. பின்வரிசையில் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக நிற்பவர்தான் தங்கராஜ் என்று ஹவில்தார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். படம் பழுத்துப்போய் முகம் சரியாகத் தெரியவில்லை, உயரம் தெரிகிறது.

இந்த வருடப் போட்டிக்கு ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. விருது எப்படிக் கொடுப்பது என்று கமிட்டியிடம் பேசப் போகிறோம். ஒவ்வொரு கோலுக்கும் பின்னால் ஒரு ஆள் நோட்டோடு உட்கார வேண்டும் என்பது அண்ணாச்சியின் யோசனை. நோட்டில் என்னென்ன குறிப்பது என்று அவரே கோடு போட்டுத் தந்திருக்கிறார்: உயரப் பந்தை வெளியே வந்து எடுத்தது, தனியாக வந்தவனை முன்னேறி அடைத்தது, பின்வரிசையைச் சத்தம் போட்டு நகர்த்தியது, நின்ற இடத்தில் பிடித்தது, விழுந்து தடுத்தது, பிடித்த பந்தைச் சொந்த ஆளுக்குக் கொடுத்தது. கமிட்டியில் இரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள், மற்றவர்கள் இதற்கெல்லாம் ஆள் எங்கே என்கிறார்கள். பாளையங்கோட்டையிலோ சுற்றுவட்டாரத்திலோ கால்பந்து தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் இதைப் படித்தால் சொல்லுங்கள். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு பேர் போதும். எப்படிக் குறிப்பது என்று அண்ணாச்சி முந்தின நாள் காலையில் மைதானத்திலேயே சொல்லித்தருவார். கயிற்றையும் கொண்டுவருவார்.